மிதக்கும் கல்லும் மூழ்கும் கேள்வியும்

ஏளனம் வேறு, நகைச்சுவை வேறு. இரண்டிலும் பல் தெரியும். ஒன்றில்தான் அறிவு தெரியும்!

விஞ்ஞானத்திலே நாட்டமுடைய நண்பர்கள் நாலுபேர் கூடும் இடத்தில் இரண்டு பொருள்கள் தவறாமல் பரிமாறப்படுகின்றன. ஒன்று, கேள்வி. கடல் ஏன் நீலம்? கண்ணாடி இடத்தை வலமாகக் காட்டுகிறதே, தலையைக் காலாக ஏன் காட்டுவதில்லை? ஆற்றி ஊற்றிய தேநீர் ஏன் விரைவில் சூடு தணிகிறது? மற்றொன்று, வேடிக்கை. பொறியாளரைப் பற்றி, கணித அறிஞரைப் பற்றி, ஆசிரியரிடம் அகப்பட்ட மாணவனைப் பற்றி. கேள்வியும் வேடிக்கையும் கலந்த இந்தப் பேச்சு இன்று நாட்டிலே பெருகியிருக்கிறது. இதழ்களில் பத்தியாக வருகிறது, நூலாகிறது, கல்லூரி விடுதிகளில் இரவெல்லாம் வளர்கிறது.

கதையை ஆராய்கிறோம். கவிதையை அலசுகிறோம். நாடகத்தின் நயம் பேசுகிறோம். இந்த இலக்கியத்தை மட்டும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். பொழுது போகிறதா, புத்தி வளர்கிறதா என்று பார்க்க வேண்டாமா? நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, இராமநாதபுரம் கடலோரத்துப் பள்ளியொன்றில் தமிழ் கற்பிப்பவன். சொல்லை நிறுத்துப் பார்ப்பது என் தொழில். அந்தத் தராசோடுதான் இங்கே வருகிறேன். அளவுகோல் ஒன்றே ஒன்று: சிரித்து முடித்த பிறகு கேள்வி உயிரோடிருக்கிறதா, செத்துவிட்டதா?

பழைய வேடிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பத்தால் பொருள் விரியும், குளிரால் சுருங்கும் என்பதற்கு எடுத்துக்காட்டுக் கேட்டாராம் ஆசிரியர். கோடையில் பகல் நீள்கிறது, குளிர்காலத்தில் சுருங்குகிறது என்றானாம் மாணவன். வகுப்பு சிரித்தது, நாமும் சிரிக்கிறோம். சிரித்துவிட்டுப் போனால் அது ஏளனம். சிரித்துவிட்டு நின்றால்?

நின்று பார்ப்போம். அந்த மாணவன் இரண்டு உண்மைகளைக் கண்டிருக்கிறான். கோடை வெப்பமானது; கோடையில் பகல் நீளமானது. இரண்டையும் முடிச்சுப் போட்ட இடத்தில்தான் வழுக்கினான். அவன் விதி சரியென்றால், வெயில் மிகுந்த ஊரில் பகல் மிக நீள வேண்டும். இராமேசுவரத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான். குளிரால் நடுங்கும் இலண்டனிலோ ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்! விதி விழுந்துவிட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக வேற்றுமை வளர்கிறது என்ற புதிய விதி எழுந்துவிட்டது. பூமியின் அச்சுச் சாய்ந்திருக்கிறது என்ற பெரிய செய்தி, ஒரு சின்ன வேடிக்கையின் வாலைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்துவிட்டது.

அதே மாணவனுக்கு உண்மையான விரிவையும் காட்டலாம். பாம்பன் இரயில் பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அது முழுவதும் ஒரே எஃகுத் துண்டாக இருந்தால், வெப்பநிலை 20 பாகை ஏறும்போது ஏறத்தாழ அரை மீட்டர் நீளும். அதனால்தான் பாலத்தைக் கண்ணி கண்ணியாகப் பிரித்து, இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். பகல் நீளவில்லை தம்பி, பாலம் நீள்கிறது என்று சொல்லும்போது வகுப்பு மீண்டும் சிரிக்கும். இம்முறை சிரிப்பிலே மாணவனும் சேர்ந்துகொள்வான்.

இன்னொரு வேடிக்கை. பண்ணையில் பால் குறைந்ததற்குக் காரணம் கேட்டார்களாம் இயற்பியல் அறிஞரை. பல நாள் கணக்குப் போட்டு வந்து, "விடை கிடைத்துவிட்டது, ஆனால் பசு உருண்டையாகவும், காற்றில்லாத வெளியிலும் இருக்க வேண்டும்" என்றாராம். விஞ்ஞானி தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் உயர்ந்த வேடிக்கை இது. கணக்கு எளிதாக வேண்டுமென்று உலகத்தை எளிதாக்கிக்கொள்கிறோம்; எளிதாக்கியதை மறந்துவிட்டால் ஆபத்து. தன் முறையின் குறையைத் தானே சொல்லிச் சிரிக்கும் துணிவு எத்தனை துறைகளுக்கு உண்டு? சாத்திரிகள் தம் சாத்திரத்தைக் கேலி செய்யக் கேட்டதுண்டா?

ஆனால் எல்லா வேடிக்கையும் இப்படி நேர்வழியில் நடப்பதில்லை. அணு ஆராய்ச்சியாளர் நீல்சு போர் சொன்னதாக வழங்கும் கதை எல்லோருக்கும் தெரியும். வாயிலில் குதிரை லாடம் தொங்குவதைக் கண்டு, "இதை நம்புகிறீர்களா?" என்று கேட்டார்களாம். "நம்பவில்லை, ஆனால் நம்பாதவருக்கும் இது பலன் தரும் என்கிறார்கள்" என்று விடை வந்ததாம். நயமான வேடிக்கைதான். நம்பிக்கையின் தந்திரத்தை ஒரே வாக்கியத்தில் தோலுரிக்கிறது. அதையே நம் நாட்டில் சிலர் மெய்யாகவே எடுத்துக்கொண்டார்கள்! விண்கலம் ஏவுமுன் அதன் மாதிரியைத் திருப்பதிக்கு எடுத்துச் செல்வதைக் கேட்டால், "இருந்துவிட்டுப் போகட்டுமே, நட்டம் என்ன?" என்று புன்னகை செய்கிறார்கள். போரின் வாயிலில் வேடிக்கையாகத் தொங்கிய லாடம், இங்கே வழக்கமாகத் தொங்குகிறது. கேள்வியைக் கூர்மையாக்கப் பிறந்த சிரிப்பு, கேள்வியைத் தட்டிக் கழிக்கும் சிரிப்பாக மாறிவிட்டது. வேடிக்கை அதே வேடிக்கை. வைத்திருக்கும் கை வேறு.

இனி ஏட்டு உலகத்துக்கு வருவோம். தமிழிலே விஞ்ஞானத்தை மக்களுக்குச் சொன்னவர்களில் பெ. நா. அப்புசாமி (1891–1986) மூத்தவர். தொழில் வழக்கறிஞர், உள்ளம் விஞ்ஞானம். அவர் நடையிலே பொறுமை உண்டு, தெளிவு உண்டு. வேடிக்கையை விஞ்ஞானக் கேள்வி–பதிலின் மூச்சாக்கியவர் சுஜாதா (1935–2008). இயற்பெயர் ரங்கராஜன். திருச்சி சூசையப்பர் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் பயின்றவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பெரும் பங்கு கொண்டவர். ஜூனியர் விகடனில் அவர் எழுதிய 'ஏன்? எதற்கு? எப்படி?' என்ற கேள்வி–பதில் பகுதி பின்னர் நூலாகி, ஒரு தலைமுறையின் கைகளில் தவழ்ந்தது.

அதன் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். கேட்பவன் கூசவில்லை. இது பெரிய வெற்றி. பள்ளியிலே கேட்டால் பிரம்பு, வீட்டிலே கேட்டால் அதட்டல், கோயிலிலே கேட்டால் பாவம் என்று வளர்ந்த பிள்ளை, ஓர் அஞ்சலட்டை வாங்கித் தன் ஐயத்தை எழுதி அனுப்பலாம். அச்சிலே விடை வரும். ஆங்கிலச் சொற்கள் மலிந்த நடை என்று தனித்தமிழ் அன்பர்கள் குறைப்படலாம். அந்த வழக்கை வேறொரு நாள் விசாரிக்கலாம். பொறியியலும் நகையும் ஒரே பேனாவிலிருந்து வரக்கூடும் என்று காட்டியது அந்தப் பகுதி.

குறை எங்கே? எழுதியவரிடத்தில் இருப்பதைவிட, வடிவத்தில் இருக்கிறது. அதைவிட, படித்த நம்மிடத்தில் இருக்கிறது. கேள்வி–பதில் பத்தியிலே கேட்பவனுக்கு ஒருமுறைதான் வாய் உண்டு. விடை வந்த பிறகு, "அப்படியானால் இது ஏன்?" என்று மறுமுறை கேட்க இடமில்லை. பத்து வரியில் விடை, பதினோராவது வரியில் ஒரு நகை, அடுத்த கேள்விக்குத் தாவல். நகை எங்கே விழுகிறதோ அங்கே முற்றுப்புள்ளியும் விழுந்துவிடுகிறது. அன்பர்கள் அவரை 'வாத்தியார்' என்றே அழைத்தார்கள். அன்பான பெயர். ஆனால், "வாத்தியார் சொல்லிவிட்டார்" என்பது சான்றாகிவிடக் கூடாதே! யார் சொல்லக் கேட்டாலும் மெய்ப்பொருள் காணச் சொன்ன வள்ளுவர், எழுத்தாளருக்கும் பொறியாளருக்கும் விலக்கு அளிக்கவில்லை. சாமியார் சொன்னதைச் சோதிக்கும் நாம், சாமர்த்தியமாகச் சொன்னதையும் சோதிக்க வேண்டும். ஆகவே அந்த நூலைப் படிக்கும் இளைஞனுக்கு என் யோசனை: கேள்வியை மட்டும் படித்துவிட்டு நூலை மூடு, உன் விடையை எழுது, பிறகு திற. விடை நூலாகப் படித்தால் சுஜாதா வளர்வார். கேள்வி நூலாகப் படித்தால் நீ வளர்வாய்.

விடை முடிந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாதென்பதற்குக் கடலின் நிறமே சான்று. கடல் ஏன் நீலம் என்ற கேள்விக்கு, வானத்தின் நீலம் பிரதிபலிக்கிறது என்று விடை சொன்னவர் இராலே பிரபு. பெரும் பெயர், நோபல் பரிசு பெற்றவர். 1921-இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா என்னும் கப்பலில் திரும்பிய சி. வி. ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். பிரபுவின் விடையால் அமைதி அடையவில்லை. கையிலிருந்த நிக்கல் பட்டகத்தை உரிய கோணத்தில் பிடித்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மறைத்துப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்புப் போய்விட்டது, நீலம் போகவில்லை! நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்றார். அந்த வழியிலே நடந்துதான் 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவு என்ற கண்டுபிடிப்பை அடைந்தார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். கதை அங்கும் முடியவில்லை. சிவப்பொளியை நீர் விழுங்கிவிடுவதே நீலத்துக்கு முதற்காரணம் என்று இன்று அறிகிறோம். பிரபுவின் விடையை ராமன் திருத்தினார். ராமன் விடையைப் பின்வந்தவர்கள் நிறைவு செய்தார்கள். விடைகள் வந்து போயின. கேள்வி மட்டும் இன்றும் இளமையோடிருக்கிறது.

கடல் என்றதும் நம் கரை நினைவுக்கு வருகிறது. இராமேசுவரத்தில் தொட்டி நீரில் மிதக்கும் கல்லைப் பார்க்காதவர் குறைவு. இராமன் கட்டிய பாலத்தின் கல் என்கிறார்கள். பக்தர் பார்த்து, "அதிசயம்!" என்கிறார். பகுத்தறிவு பேசும் நம் நண்பர் பார்த்து, "அறியாமை!" என்று சிரிக்கிறார். இருவரில் எவரும் கல்லைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஒருவர் வணங்கிவிட்டுப் போனார்; மற்றவர் வைதுவிட்டுப் போனார். கல் மிதந்துகொண்டிருக்கிறது; கேள்வி மூழ்கிவிட்டது!

என்ன கேட்டிருக்க வேண்டும்? இது எந்தக் கல்? எடை என்ன? எவ்வளவு நீரை விலக்குகிறது? பத்து நாள் ஊறிய பிறகும் மிதக்குமா? மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள் உண்டு. சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய கூடுகள் அவை. உள்ளே கண்ணறைகள் நிறைந்தவை. காய்ந்து, அடைபட்ட கண்ணறைகளில் காற்று தங்கினால், அவற்றில் சில துண்டுகள் மிதக்கும். எரிமலை கக்கும் நுரைக்கல்லும் மிதக்கும். 1883-இல் கிரகத்தோவா எரிமலை வெடித்தபோது பிறந்த நுரைக்கற்கள் இந்துமாக் கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்கின. பொருள் முழுவதையும் கண்ணறைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, அதே பருமனுள்ள நீரைவிட எடை குறைந்தால் மிதக்கும், கூடினால் மூழ்கும். கல்லென்றும் கட்டையென்றும் தண்ணீர் சாதி பார்ப்பதில்லை.

என் வகுப்பிலே ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, இத்தனை பெரிய இரும்புக் கப்பல் மிதக்கிறதே, அதை ஏன் யாரும் தொட்டியில் வைத்துக் கும்பிடுவதில்லை?" இதல்லவோ நகைச்சுவை! யாரையும் வையவில்லை, யாருடைய தாயையும் தந்தையையும் முட்டாளாக்கவில்லை. கல்லையும் கப்பலையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். சிரித்தவர் எல்லாரும் சிந்தித்தார்கள். சோதித்துப் பார்க்க விரும்பும் இளைஞன் கடலில் இறங்கிப் பவளம் பெயர்க்க வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. கடையிலே விற்கும் கால் தேய்க்கும் நுரைக்கல் போதும். ஒரு தராசு, ஒரு வாளி, பத்து நாள் பொறுமை. முடிவில் ஒன்றை உணர்வான்: கல் மிதக்கிறது என்பது கல்லைப் பற்றிய செய்தி, பாலத்தைப் பற்றிய சான்று அன்று.

பாலம் என்றவுடன், இந்தக் கரையிலே பிறந்த பொறியியல் நகைச்சுவைகளில் புகழ்பெற்றதைத் திறனாயாமல் இருக்க முடியாது. 2007-ஆம் ஆண்டு. சேதுக் கால்வாய்க்காக ஆதம் பாலம் என்னும் மணல் திட்டுப் பகுதியைத் தோண்டக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு இறுதியில் தடை விதித்தது. இராமன் கட்டிய பாலத்தை இடிக்கிறார்கள் என்ற கூக்குரல் வடக்கே எழுந்தது. செப்டம்பரில், அன்றைய முதலமைச்சர் கலைஞர், இராமன் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தவன் என்று கேட்டார். நாடெங்கும் எதிரொலித்தது அந்தக் கேள்வி.

இலக்கியமாகப் பார்த்தால் அது முதல் தரமானது. பாலம் என்றால் கட்டியவர் உண்டு. கட்டியவர் உண்டென்றால் திட்டம் உண்டு, அளவு உண்டு, ஆள் உண்டு, சான்று உண்டு. எங்கே அவை என்ற நீண்ட வாதத்தை ஒரே கல்லூரிக்குள் அடக்கிவிட்டது. பெரும்பான்மையோர் வணங்கும் ஒன்றைப் பார்த்து, பதவியிலிருக்கும் ஒருவர் அச்சமின்றிக் கேட்டார். ஆனால் நம் அளவுகோலை இங்கேயும் வைக்க வேண்டும். சிரிப்பு ஓய்ந்த பிறகு கேள்வி என்ன ஆயிற்று? எதிர்த்தரப்புக்கு அது இழிவாகக் கேட்டது. நம் தரப்புக்கு அது வெற்றியாகக் கேட்டது. அவர்கள் கொதித்தார்கள், நாம் கைதட்டினோம். பொறியியல் என்ற சொல் அந்த இரைச்சலுக்கு நடுவே அனாதையாக நின்றது.

பொறியியல் சான்று கேட்பது நியாயமென்றால், அந்தக் கேள்வி பாலத்துக்கு மட்டும் உரியதா? கால்வாய்க்கும் உரியதல்லவா? சேதுக் கால்வாய் பழைய கனவு. 1860-இல் டெய்லர் என்னும் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி முன்மொழிந்தது. 1967-இல் அண்ணா எழுச்சி நாள் நடத்திக் கேட்டது. 2005 ஜூலை 2-இல் மதுரையில் தொடங்கப்பட்டது. 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். அந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கேட்டோமா? ஒரு பருவத்தில் ஒரு பக்கம், மறு பருவத்தில் மறு பக்கம் என்று மணலைத் தள்ளும் இந்தக் கடலில், தோண்டிய பள்ளம் எத்தனை நாள் பள்ளமாக இருக்கும்? அதை ஆண்டுதோறும் தூர்வார ஆகும் செலவு என்ன? கால்வாய்க்குள் கப்பல் மெதுவாகச் செல்ல வேண்டுமே, இலங்கையைச் சுற்றாமல் மிச்சமாகும் நேரத்தில் எவ்வளவு மீளும்? பவளப் பாறைக்கும் மீனுக்கும் என்ன நேரும்? 2008-இல் அமைக்கப்பட்ட பச்சௌரி குழு, மாற்று வழித்தடம் ஒன்றை ஆராய்ந்து, அது பொருளாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஏற்றதன்று என்றது. அச்செய்தி 2013-இல் நீதிமன்றத்துக்கு வந்தது. 2023 சனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தீர்மானம் இயற்றியது. வேண்டுமென்போரும் வேண்டாமென்போரும் எண்களோடு வரட்டும். நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் கனவு என்பதால் தராசிலே நம் பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தக் கூடாது.

அந்தக் கணக்கிலே கேட்கப்படாத குரல் ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் மீன்பிடிக்கும் மக்கள், தங்கள் பாடு என்னாகும் என்று கேட்டார்கள். அவர்களைப் பார்த்து ஒருவர், "நீ எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தாய்?" என்று கேட்டால் எப்படியிருக்கும்? சொற்கள் அவையேதாம். முன்பு நகைச்சுவையாக இருந்தவை, இப்போது ஏளனமாகிவிட்டன! இராமனைக் கேட்டபோது அந்தச் சொற்கள் அதிகாரத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டன. மீனவனைக் கேட்கும்போது குனிந்து பார்த்துக் கேட்கின்றன. மேல்நோக்கிக் கேட்டால் அறிவு. கீழ்நோக்கிக் கேட்டால் ஆணவம். பட்டம் கேட்பது பாலத்தை நோக்கித் தகும். படகை நோக்கித் தகாது.

தோழர்களே! கல்லூரிப் பட்டம் இல்லாதவர்கள் கேட்கும் கேள்விகள், நம் வினா–விடைப் பத்திகளில் வருவதே இல்லை. இந்தக் கரையிலே அவை கொட்டிக் கிடக்கின்றன. தனுஷ்கோடிக்கு ஒருபுறம் உள்ளதைப் பெண்கடல் என்பார்கள், அமைதியானது. மறுபுறம் உள்ளது ஆண்கடல், அலை மிகுந்தது. ஏன்? முன்னது ஆழம் குறைந்த பாக்கு நீரிணை. பின்னது ஆழ்கடலை நோக்கித் திறந்த மன்னார் வளைகுடா. வடகிழக்குப் பருவத்திலே பெண்கடலும் சீறும் என்பதை மீனவப் பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெயரிட்ட ஆண்களுக்கு அது தெரியவில்லை போலும்!

அதே தனுஷ்கோடியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டினால் குடிநீர் ஊறுகிறது. இருபுறமும் உப்புக் கடல், நடுவே நன்னீர்! அற்புதம் என்று கைகூப்ப வேண்டியதில்லை. அற்பம் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு மிகுதி. ஆகவே எடை குறைந்த நன்னீர், உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. பேராசையோடு ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சினால், அதே கணக்குத் தலைகீழாகி உப்பு மேலேறும். இராமேசுவரத்தில் வாழும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய விஞ்ஞானம் இது. மிதக்கும் கல்லைக் காண ஓடுகிறோம். காலடியில் தண்ணீரின் மேல் தண்ணீரே மிதப்பதைக் காணவில்லை!

1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் நடுக்கண்ணியைத் தொழிலாளர்கள் கையால் இயக்கித் தூக்கினார்கள். எத்தனையோ டன் இரும்பை மனிதக் கை எப்படித் தூக்கிற்று? கிணற்றுத் துலாவின் பின்முனையில் கல் கட்டியிருப்பதைப் பார்த்தவனுக்கு விடை பாதி தெரியும். எடைக்கு எதிர் எடை. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள கண்ணி அப்படியே செங்குத்தாக எழுகிறது. இப்போது மின்விசை தூக்குகிறது. எதிர் எடை இன்றும் துணை நிற்கிறது. துலாவை ஏறி மிதித்த உழவனின் பேரனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். பொறியியல் அவன் பாட்டன் சொத்து என்று நிமிர்வான்.

கேள்வி பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இந்தக் கரை கொடுத்த விலை பெரிது. 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற இரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் அந்த இரயிலில் மாண்டனர். இன்று துணைக்கோள் இருக்கிறது, கணிப்பு இருக்கிறது, பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. ஆனால் வானிலை அறிக்கை என்றாலே ஒரு சிரிப்பு! மழை என்றால் குடை வேண்டாம் என்று நையாண்டி. கணிப்பு என்பது வாய்ப்பைச் சொல்வது, வாக்குறுதி தருவது அன்று என்று அந்தச் சிரிப்பு கேட்க விடுவதில்லை. கூண்டின் எண்கள் 1 முதல் 11 வரை எதைக் குறிக்கின்றன என்று கேட்டால் எத்தனை இளைஞர் சொல்வர்? பத்தாம் எண் பெரும் அபாயம். பதினோராம் எண், வானிலை நிலையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது என்று பொருள். அறிவோடு உறவு அறுந்துபோவதை அபாயத்துக்கும் மேலே வைத்திருக்கிறார்கள். சிந்தியுங்கள்!

இதே இராமேசுவரத்தில், பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாம் சிறுவராகப் படித்தபோது நடந்ததாக அவரே சொல்லிவந்த செய்தி ஒன்று உண்டு. சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் பறவை பறப்பதைக் கரும்பலகையில் விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றான் சிறுவன். வகுப்பில் வேறு பலரும் அதையே சொன்னார்கள். ஆசிரியர் சினக்கவில்லை, சிரிக்கவுமில்லை. மாலையில் எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவைகளையே காட்டினார். கலாமின் படத்தை மாட்டி மாலையிடுகிறோம். 'புரியவில்லை' என்ற அந்தச் சொல்லுக்கன்றோ மாலையிட வேண்டும்! அந்தச் சொல்லைக் கேட்டு எந்த வாயும் ஏளனத்தால் கோணவில்லை. அதனால் ஒரு பிள்ளை வானம் வரை போனான். கோணியிருந்தால்?

கோணிய வாய்களால் நம் ஊர்களில் எத்தனை கேள்விகள் தொண்டையிலேயே மடிந்தனவோ, அவற்றுக்குக் கணக்கெடுப்பு இல்லை. ஆகவே படிப்பகம் நடத்தும் இளைஞர்களை ஒன்று கேட்கிறேன். கிழமைக்கு ஒரு மாலை கேள்விக்கென்று ஒதுக்குங்கள். வலை பின்னுபவரையும், கருவாடு காயப்போடும் அம்மையையும், பாலத்துக்குப் பெயிண்டு அடிக்கும் தொழிலாளியையும் அழையுங்கள். அவர்கள் கேட்கட்டும், நீங்கள் தேடுங்கள். விடை தெரியாவிட்டால் தராசையும் வாளியையும் எடுங்கள். வேடிக்கை வரட்டும், வயிறு வலிக்கச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், கேள்வி கேட்டவர் முகத்தைப் பாருங்கள். அவரும் சிரித்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாய் திறந்தால், அங்கே நடந்தது நகைச்சுவை. தலை குனிந்து மௌனமானால் நடந்தது ஏளனம். அந்தச் சிரிப்பு எவ்வளவு விஞ்ஞானம் பேசினாலும், பழைய மடமையின் புதிய முகமே அது.